வீட்டு குரூப்: மேலவிளை அயனி (காட்டுப்பலா மரம்)

சித்தப்பா, காலை 6:42
(படம்)
மேலவிளையில அயனிச்சக்கை பழுத்து விழத் தொடங்கியாச்சு. விழுந்தது பூரா சதைஞ்சு கெடக்கு. மிச்சம் வவ்வால் தின்னது.

குவைத் அண்ணன், 6:50
சித்தப்பா, அந்த மஞ்சச் சுளையப் பாத்து எத்தன வருஷமாச்சு! இங்க கடையில வருக்கச்சக்க கிடைக்கும். அயனி கண்ணுலயே படாது.

நான், 6:53
நாகர்கோவில் சந்தையிலயே அபூர்வமாத்தாண்ணா வருது. 30 மீட்டர் மரத்துல யார் ஏறுவா? தானா விழுந்தா கூழாயிரும்.

பெரியம்மை, 7:10
குருவ, அந்தக் கொட்டைய, களையாதீங்க மக்களே. வறுத்து தொலிச்சா நிலக்கடலை தோத்துரும். முன்னெல்லாம் அயனித்திரி, திரி மாதிரி உதிர்ற பூவு, பொறுக்கிக் காயவச்சு, சாயங்காலம் கொசுவுக்குப் பத்த வைப்போம். அந்த வாசம் இப்பவும் மூக்குல நிக்கி.

அத்தான், 7:31
மாமா, மரத்துக்கு வெல கேட்டு ஆள் வந்ததாச் சொன்னாவ?

சித்தப்பா, 7:40
வந்தாரு. மரத்தடிக்கு நல்ல வெலதான். வெட்டிட்டா அந்த இடத்துல ரப்பர் வைக்கலாம்ங்காரு. யோசிக்கேன்.

நான், 7:44
வேண்டாம் சித்தப்பா. அயனி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மட்டும் தானா வளர்ற மரம். உலகத்துல வேற காட்டுல கிடையாது. ஆலப்புழையில பந்தயம் விடுற சுண்டன் வள்ளம், அந்த நீளப் படகு, செய்யறது இந்தத் தடியிலதான். தடி நல்லாருக்குன்னே வெட்டி வெட்டி விளையெல்லாம் ரப்பராப் போச்சு. நம்ம பக்கத்துல இப்ப நாலு மரம் இருந்தா அதிகம்.

நான், 7:47
பலா, சீமச்சக்கை (ஈரப்பலா), அயனி மூணும் ஒரே பேரினம், ஆர்ட்டோகார்ப்பஸ். 1772-ல கேப்டன் குக் கப்பல்ல பசிபிக் போன ஃபார்ஸ்டர், அப்பாவும் மகனுமாச் சேர்ந்து வச்ச பேர். கிரேக்கத்துல ரொட்டிப்பழம்னு அர்த்தம். அது சீமச்சக்கைய நினைச்சு வச்சது. எனக்கு அந்தப் பேரக் கேட்டா நம்ம அயனிதான் ஞாபகம் வரும்.

சித்தப்பா, 8:05
நம்ம வீட்டு நெலையும் கதவும் அயனிதான். 60 வருஷமா செதல் தொட்டதில்ல. அந்த மரத்த யாரும் நடல, கேட்டியா. வவ்வால் போட்ட குரு முளைச்சதுன்னு அப்பா சொல்லுவாவ.

பெரியம்மை, 8:09
நான் கல்யாணமாகி வரும்போதே அது பெரிய மரம். நிக்கட்டும்டே.

சித்தப்பா, 8:26
சரி மைனி. வெட்டல. அவருட்ட சொல்லிருதேன்.

குவைத் அண்ணன், 8:27
மனசு நெறஞ்சு போச்சு சித்தப்பா. எனக்குக் கொஞ்சம் குரு காயவச்சு எடுத்து வைங்க. லீவுக்கு வரும்போது நடுதேன்.

நான், 8:30
காயவச்சா முளைக்காதுண்ணா. சுளைய எடுத்த கையோட, ஈரம் போகுமுன்ன நடணும். நீங்க வரதுக்குள்ள நான் பையில கன்னு ஆக்கி வைக்கேன். பேரு எழுதி ஒட்டிருவேன்.

அத்தான், 8:34
ஞாயித்துக்கிழமை தொரட்டியும் வலையும் கொண்டு வாறேன் மாமா. விழுறதுக்கு முன்ன பறிச்சிருவோம்.

பெரியம்மை, 8:36
தேங்காயெண்ணெ எடுத்துக்கோ மக்கா. பால் கையில ஒட்டுனா லேசுல போவாது. உச்சியில கொஞ்சம் வவ்வாலுக்கு விட்டுரு.