லயத்து வீட்டைப் படைப்பாக்கும்போது வர்க்கத்தை எப்படிக் காட்டுவது?

கேள்வி (மூணாறு)
தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் குடும்பம் எங்களுடையது. பாட்டியின் குரல், பழைய சம்பளச் சீட்டுகள், லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளின்) ஒளிப்படங்கள், கொழுந்து கிள்ளும் ஓசை ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அறையளவில் படைப்பொன்றை உருவாக்கி வருகிறேன். அமெரிக்காவின் பிராடக் என்னும் உருக்காலை ஊரில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேசியர், தம் பாட்டி, தாய், தாம் என்னும் மூன்று தலைமுறைப் பெண்களின் படங்கள் வழியாகவே அவ்வூரின் சரிவைச் சொன்ன முறைதான் எனக்குத் தூண்டுதல். ஆனால் என் படைப்பைப் பார்த்தவர்கள் மலையின் அழகையும் பாட்டியின் முகச் சுருக்கத்தையும் பற்றியே பேசுகிறார்கள். வர்க்கம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி (பீர்மேடு)
தம்பி, முகத்தை விட்டு வீட்டைப் பிடியுங்கள். தோட்டத்தில் பேர் பதிந்த ஒருவர் வேலையில் இருக்கும்வரைதான் லயம் நமக்கு. அவர் ஓய்வு பெறும்போது வேலைக்குப் போகப் பிள்ளைகளில் ஒருவரும் இல்லையென்றால், பிறந்து வளர்ந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எங்கள் வீட்டில் படித்து வெளியேற நினைத்த அக்காதான் அந்த வீட்டுக்காகக் கூடை தூக்கினார். அந்தச் சம்பளச் சீட்டுகளை யாருடைய பேரில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று வரிசையாகச் சுவரில் ஒட்டினால், குடும்ப வரலாறும் வாடகைக் கணக்கும் ஒன்றே என்பது தெரிந்துவிடும். எங்கள் பழைய லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அடுத்த வீட்டு இருமலும் பாத்திரச் சத்தமும் இரவெல்லாம் கேட்கும். உங்கள் லயமும் அப்படியென்றால், கொழுந்து கிள்ளும் ஓசையைவிட அதுவே அதிகம் சொல்லும்.

மறுமொழி (கம்பம்)
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் வர்க்கத்தை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே மட்டும் வைக்காதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே இருந்தார்களா என்று கேளுங்கள். 2020-இல் மூணாறு அருகே தோட்ட லயங்களில் 70 பேரைப் பலிகொண்ட பெட்டிமுடி நிலச்சரிவை மட்டும், உறவுகளை இழந்தவர்களின் ஒப்புதல் இல்லாமல் தொட வேண்டாம். இன்னொன்று: ஃப்ரேசியரும் அவர் தாயும் ஒருவரையொருவர் படமெடுத்தார்கள். உங்கள் அம்மாவின் கையில் கேமரா உண்டா?

கேள்வி கேட்டவர்
இல்லை, ஐயா. இந்த வாரமே கொடுக்கிறேன். அம்மா அந்தப் போராட்டத்தில் இருந்தார் என்பதையே நேற்றுக் கேட்டுத்தான் அறிந்தேன். சீட்டுகளில் 1980-களுக்குப் பின் பாட்டியின் பேர் நின்று அம்மாவின் பேர் தொடங்குகிறது. மலைக் காட்சிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, முதல் காட்சியை எங்கள் லயத்து வாசலிலேயே வைக்கிறேன்.