எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி: கொங்கு நாட்டு அடுப்படிகளிலிருந்து சில அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார்: வீட்டில் நான்கு பேர்; ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுகள் சேர்ந்தால் ஏழெட்டுப் பேர். இரும்பு வடச்சட்டியும் குக்கரும் ஏற்கெனவே இருக்கின்றன. எனாமல் பூசிய டச்சு ஓவன் (கனமான மூடியுள்ள ஆழமான வார்ப்பிரும்புச் சட்டி) ஒன்று வாங்குவது தகுமா, வாங்கினால் எந்த அளவில், எத்தகைய உட்பூச்சில் வாங்குவது? பயன்படுத்தி வருகிறவர்கள் எழுதியவை இவை.

திருப்பூரிலிருந்து:

சகோதரிக்கு வணக்கம். கடைக்குப் போவதற்கு முன், உங்கள் வீட்டுச் சமையலில் புளிப்பும் நீண்ட நேரக் கொதியும் சேர்ந்து வருபவை எவை என்று நினைத்துப் பாருங்கள். கொடுத்த விலைக்கு ஈடு கிடைப்பது அவற்றில்தான். பள்ளிபாளையம் சிக்கனுக்கு இந்தச் சட்டி தேவையில்லை. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய் என்று புளிப்பே இல்லாமல் சுருள வதங்கும் அந்தக் கறிக்குப் பழகிய இரும்பு வடச்சட்டியே போதும். அதில் வரும் வறுவல் மணம் எனாமலில் வருவதில்லை என்பது என் கருத்து. ஆனால் நாட்டுக்கோழிக் குழம்பு, தக்காளி சேர்த்த வெள்ளாட்டுக் கறிக் குழம்பு, புளி ஊற்றிச் சுண்ட வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு ஆகியவற்றை வெற்று இரும்பில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால், புளியின் அமிலம் இரும்பைக் கரைத்துக் குழம்பைக் கறுக்கச் செய்யும். நாவில் உலோகச் சுவை தங்கும். மாதக்கணக்கில் பழக்கி வைத்த எண்ணெய்ப் படலமும் உரிந்து போகும். எனாமல் என்பது இரும்பின் மேல் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. புளிக்கும் தக்காளிக்கும் அது அசையாது. இரவில் மீந்த கறிக்குழம்பு அதிலேயே இருந்தாலும் மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றும்போது நிறமும் சுவையும் மாறாமல் இருப்பதை எங்கள் வீட்டில் தொடர்ந்து பார்க்கிறேன்.

மண்சட்டி இருக்கும்போது இது எதற்கு என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். புளிக்குழம்புக்கு மண்சட்டி மிக நல்லது; விலையும் சொற்பம். ஆனால் மல்லியும் கொப்பரையும் அரைத்த மசாலாவைக் கறியோடு நன்றாகப் பிரட்டி, கறியின் மேற்புறம் சிவந்த பிறகு அதே சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி வேகவைக்க வார்ப்பிரும்பின் கனம் உதவுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டியை வைக்க இயலாது. எனாமல் சட்டியை வைக்கலாம்.

கோவை, கணபதியிலிருந்து:

நான் வார்ப்படத் தொழிலில் இருப்பவன். பம்பு உறைகளும் மோட்டார் பாகங்களும் வார்க்கும் பட்டறையில் வேலை என்பதால், இந்தச் சட்டியைக் கையில் எடுத்தவுடன் என் கண் வண்ணத்துக்குப் போகாமல் வார்ப்புக்குத்தான் போகும். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி காப்புரிமை பெற்றது 1707-இல். இன்றும் அடிப்படை முறை அதேதான். மணலில் ஈரமோ வாயுவோ சிக்கியிருந்தால் வார்ப்பில் நுண்ணிய ஊதுதுளைகள் விழும். எங்கள் பம்பு உறையில் அப்படி விழுந்தால் தண்ணீர் கசியும். சட்டியில் விழுந்தால், எனாமலைச் சுடும்போது அந்தத் துளையிலிருந்து வாயு வெளியேறிக் கண்ணாடிப் படலத்தில் கொப்புளமாகவோ ஊசித்துளையாகவோ நிற்கும். பின்னாளில் பூச்சு பெயர்வது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான் தொடங்குகிறது.

ஆகவே கடையில் சட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, உட்புறம் முழுவதும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். அடியும் சுவரும் சேரும் வளைவையும், கைப்பிடி உடலோடு சேரும் இடத்தையும் இன்னொரு முறை பாருங்கள்; கூர்மையான விளிம்புகளில் எனாமல் மெலிந்துவிடும் என்பதால் நல்ல வார்ப்பில் வளைவுகள் உருண்டையாக இருக்கும். மூடியை வைத்து நான்கு பக்கமும் அழுத்தினால் ஆடக் கூடாது. சமதளத்தில் வைத்தால் அடி சுழலக் கூடாது. மூடி உட்காரும் விளிம்பில் பல சட்டிகளுக்குக் கண்ணாடிப் பூச்சு முழுமையாக இராது. அது குறை அன்று. கழுவித் துடைத்து அங்கே ஒரு துளி நல்லெண்ணெய் தடவி வைத்தால் துரு பிடிக்காது.

நிறுவனங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பிரான்சின் லு க்ரூசே 1925-இலும் ஸ்டோப் 1974-இலும் தொடங்கியவை. முன்னதன் உட்பூச்சு பெரும்பாலும் வெளிர் நிறம். பின்னதன் உட்பூச்சு சொரசொரப்பான கறுப்பு, மூடியின் அடியில் சிறு முனைகள் இருக்கும். நீராவி அவற்றில் குளிர்ந்து குழம்பின் மேல் பரவலாகச் சொட்டும். விலை குறைந்த சட்டிகளிலும் நல்ல வார்ப்பு கிடைக்கிறது என்பதைத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன். பெயரைவிடக் கையால் தொட்டுப் பார்ப்பதையே நம்புங்கள். வெளிப்புறச் சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் காட்மியம் சார்ந்த நிறமிகள் சேர்வது உண்டு. உணவு படுவது உட்பூச்சில் மட்டும்தான் என்றாலும், உணவுப் பயன்பாட்டுக்கான சோதனைச் சான்று இல்லாத சட்டியை நான் வாங்க மாட்டேன்.

ஈரோட்டிலிருந்து:

ஒருவரும் எடையைப் பற்றி எழுதவில்லையே! 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள, 5 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் வட்டச் சட்டி மூடியோடு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். மூன்று லிட்டர் குழம்பும் சேர்ந்தால் 8 கிலோ. அதை அடுப்பிலிருந்து இறக்கப் போவது யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எங்கள் மாமியாருக்கு மணிக்கட்டு வலி உண்டு; ஆகவே 22 சென்டிமீட்டர் சட்டியைத்தான் வாங்கினோம். கைப்பிடி வளையத்துக்குள் தடித்த பிடிதுணியோடு நான்கு விரல்களும் நுழைகின்றனவா என்று அவரையே கடைக்கு அழைத்துப் போய்ப் பார்த்தோம். உங்கள் வீட்டில் வலுவான கை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு 26 சென்டிமீட்டரே சரி.

அடுப்பையும் பாருங்கள். நம் எரிவாயு அடுப்பில் சிறிய பர்னரின் தீ வட்டம் இந்தச் சட்டியின் அடியைவிடக் குறுகியது. வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட மிக மெதுவாக வெப்பத்தைக் கடத்துவதால், தீயைத் தூக்கி வைத்தால் நடு அடி மட்டும் கொதித்து ஓரம் ஆறிக் கிடக்கும்; அரிசிம்பருப்பு சாதம் நடுவில் அடிப்பிடிக்கும். பெரிய பர்னரில் சிறு தீயில் பத்து நிமிடம் மெல்லச் சூடேற்றினால் சட்டி முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும். வெறும் சட்டியைக் காய விடாமல் எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பை மூட்டுங்கள். காய்ந்த சட்டியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. திடீர்க் குளிர்ச்சியில் பூச்சில் விரிசல் விழும். கடுகு தாளிப்பதைத் தாளிப்புக் கரண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கிளற மர அகப்பையோ சிரட்டை அகப்பையோ போதும்.

பொள்ளாச்சியைச் சேர்ந்தவர், இப்போது உதகையில் குடியிருப்பவர்:

ஒரே ஒரு செய்தி. கனமான மூடி இருப்பதால் இது குக்கரைப் போல் வேகவைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். குக்கருக்குள் நீர் சுமார் 120 டிகிரி வரை போகும்; இந்த மூடி அழுத்தத்தைத் தேக்குவதில்லை. உதகையோ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. இங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. கொள்ளும் துவரம்பருப்பும் இந்தச் சட்டியில் மசிவதற்குள் பொறுமை போய்விடும். கொள்ளைக் குக்கரில் வேகவைத்துக் கடைந்து, ரசத்தை மட்டும் இதில் வைக்கிறோம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை என்றாலும், குக்கரை விற்றுவிட்டு இதை வாங்க எண்ணுகிறவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடலாம்.

திருப்பூரிலிருந்து, மீண்டும்:

உட்பூச்சின் நிறம் பற்றிய கேள்வி பாக்கி நிற்கிறது. மசாலா பொன்னிறமாகிறதா கருகுகிறதா என்பதை வெளிர் உட்புறத்தில் உடனே காணலாம். ஆனால் மஞ்சள் கறை ஏறும். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கரைத்து ஊறவைத்தால் பெரும்பகுதி போய்விடும். கறுப்பில் கறை தெரியாது. கறி சிவக்க வறுபடுவதும் அதில் நன்றாக அமையும். புதிதாக வாங்குகிறவருக்கு வெளிர் நிறத்தையே சொல்வேன், ஏனென்றால் உட்புறத்தில் சில்லு பெயர்ந்தாலும் அதில்தான் சட்டென்று கண்ணில் படும். அப்படிப் பெயர்ந்தால் அதற்குப் பின் அதில் சமைக்க வேண்டாம், சகோதரி. தொடர்ந்து உதிரும் கண்ணாடித் துணுக்கு சோற்றில் கலந்துவிடக் கூடும்.