கோல்ஃப் மார்க் 2-இல் 1.8 டர்போ: அசல் ஈசியூவா, தனி ஈசியூவா?

கராஜ் விளக்கு (கேள்வி)

இங்கிலாந்தில் 1987-ஆம் ஆண்டு கோல்ஃப் மார்க் 2 ஜிடிஐ ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் எட்டு வால்வு என்ஜின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியதால், மார்க் 4 கோல்ஃபிலிருந்து கழற்றிய 1.8 லிட்டர் இருபது வால்வு டர்போ என்ஜினை வாங்கிவிட்டேன். குறியீடு ஏயுஎம், 150 குதிரைத்திறன். எம்இ7.5 ஈசியூவும் (என்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) கூடவே வந்தது. ஆனால் வண்டியை உடைத்தவர்கள் ஈசியூ இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வயரிங்கை வெட்டியிருக்கிறார்கள். மீட்டர், சாவி, ஆக்சிலரேட்டர் பெடல் எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது 200 குதிரைத்திறனை ஒட்டிய, பனிக்காலக் காலையிலும் முதல் திருப்பலிலேயே கிளம்புகிற வண்டி. அசல் ஈசியூவைச் சரிக்கட்டுவதா, மெகாஸ்குவர்ட் அல்லது ஈசியூமாஸ்டர் போன்ற, எந்த என்ஜினுக்கும் அமைத்துக்கொள்ளக்கூடிய தனி ஈசியூவுக்குப் போவதா? வயரிங் வேலை தெரியும். மேப் (எரிபொருள், பற்றவைப்பு அளவுகளின் அட்டவணை) எழுதத் தெரியாது.

இருபது வால்வு

நண்பரே, உங்கள் கடைசி வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திய நிலைக்கான மேப்பை, டைனோ என்னும் சக்தி அளக்கும் கருவியில் அரை நாளில் முடித்துவிடலாம். குளிர்ந்த என்ஜின் கிளம்புவதற்கான எரிபொருள் அளவை அப்படி முடிக்க இயலாது. ஒரு முறை கிளம்பிச் சூடேறிவிட்டால், அடுத்த சோதனைக்கு அது மீண்டும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையான வேலையை எல்லாம் தொழிற்சாலையில் செய்து முடித்துத்தான் அந்த அலுமினியப் பெட்டியை அனுப்பியிருக்கிறார்கள். 200 குதிரைத்திறன் என்பது அதே டர்போவுக்கு ஒரு நல்ல ரீமேப் (அசல் மேப்பை மாற்றி எழுதுவது) தரக்கூடிய அளவுதான்.

தடைகள் இரண்டு. முதலாவது, இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு. மீட்டர் பெட்டியிலிருந்து பதில் வராவிட்டால் என்ஜின் கிளம்பி ஓரிரு விநாடிகளில் அணைந்துவிடும். ஆனால் இம்மொபிலைசர் தகவல் ஈசியூவின் உள்ளே 95040 என்ற சிறு நினைவகச் சில்லில்தான் இருக்கிறது, ரீமேப் செய்பவரே அதை அணைத்துத் தருவார். பின் லாம்டா (புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார்), இரண்டாம்நிலைக் காற்றுப் பம்பு ஆகியவற்றையும் அதே நாளில் நீக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, பெடல். அதில் பெடலின் நிலையை அளக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. இரண்டின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், மார்க் 4 பெடலை அப்படியே பொருத்த ஒரு பிராக்கெட் செய்வதே நேர்வழி.

எம்ஓடி (இங்கிலாந்தின் ஆண்டுத் தகுதிச் சோதனை) பற்றிக் கவலை வேண்டாம். 1992 ஆகஸ்ட் 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வண்டியில் வேறு என்ஜின் இருந்தால், வண்டி, என்ஜின் இரண்டில் எது பழையதோ அதன் புகை அளவே பொருந்தும். உங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம்வரை இருக்கலாம்.

சால்டரிங் அயர்ன்

முடிவில் உடன்படுகிறேன், ஆனால் வெட்டிய வயரிங்கை ஒட்டுப்போடும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். அந்த ஈசியூவுக்கு 121 பின்கள். என்ஜின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாருக்கும், சிலிண்டருக்குள் நிகழும் தவறான வெடிப்பை அறியும் இரண்டு நாக் சென்சார்களுக்கும் ஷீல்டு போட்ட கேபிள்கள் செல்கின்றன. அவற்றில் ஒட்டு விழுந்தால் சூட்டிலும் அதிர்விலும் மட்டும் தலைகாட்டும் கோளாறைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

தனி ஈசியூ பாதையில் நான் போயிருக்கிறேன். இதே என்ஜினை மெகாஸ்குவர்ட்டில் ஓட்டியபோது ஐடிலிங் அழகாக இருந்தது. டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆர்பிஎம்மை ஏற்றினால், இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியில் நிலைநிறுத்தியிருந்தும் குறி நகர்ந்துகொண்டே போனது. கிராங்க் சென்சாரின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. 60 பற்களில் 2 இல்லாத அந்தச் சக்கரத்தில் இடைவெளியின் விளிம்பை ஈசியூ தவறான பக்கத்திலிருந்து படித்திருக்கிறது. கவனிக்காமல் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

இன்னொன்று, தனி ஈசியூ வாங்கினால் பெடல் தொல்லை தீரும் என்று நினைக்க வேண்டாம். மெகாஸ்குவர்ட் மின்னணு த்ராட்டிலைத் தானாக இயக்காது, கேபிள் த்ராட்டில் பாடி தேட வேண்டும். ஈசியூமாஸ்டரின் ஈஎம்யூ பிளாக் இயக்கும், ஆனால் அதற்கும் மின்னணுப் பெடல் வேண்டும். பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டர்களும் வரும் நாளில் ஈஎம்யூ பிளாக்கை நானே பரிந்துரைப்பேன். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் கன்ட்ரோலரும் நாக் கண்காணிப்பும் அதன் உள்ளேயே இருக்கின்றன.

கராஜ் விளக்கு

இருவருக்கும் நன்றி. வெட்டுப்படாத வயரிங்கையும் பெடலையும் ஒரே வண்டியிலிருந்து வாங்கிவிடுகிறேன். பழைய என்ஜினின் கே-ஜெட்ரானிக் (இயந்திர முறை எரிபொருள் தெளிப்பு) பம்பு போதுமா?

இருபது வால்வு

தாராளமாகப் போதும். கே-ஜெட்ரானிக் ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் இயங்கியது. இந்த என்ஜினின் இன்ஜெக்டர்களுக்கு 3 பார்தான் தேவை. டாங்கிக்குள் இருக்கும் சிறிய லிஃப்ட் பம்பு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் காதை வைத்துக் கேளுங்கள். அது நின்றிருந்தால் பெரிய பம்பு ஊளையிடும்; டாங்கி கால் பங்குக்குக் கீழே போனதும் வளைவுகளில் அழுத்தம் விழும்.