ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதை எப்படி நிறுத்துவது?

நைட்டூட்டி:
தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் மெடிக்கல் வார்டில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா ஒன்றே ஒன்று, அதுவும் நர்ஸிங் ஸ்டேஷன் மேஜைக்கு அடியில். கடைசிக் கட்டிலில் ரத்தம் எடுத்துவிட்டு, திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்க யாருக்கு மனசு வரும்? மூடி போட்டுத்தான் கொண்டுவருகிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அப்படி மூடும்போதுதான் இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. "கவனமாக இருக்கவும்" என்று சர்க்குலர் வந்தது, அதோடு சரி. உங்கள் இடத்தில் இதை யாராவது மாற்றியிருக்கிறீர்களா?

மதுரை சிஸ்டர்:
சர்க்குலரைப் பார்த்து ஊசி குத்தாமல் இருக்குமா சிஸ்டர்? டப்பாவை நகர்த்துங்கள். நாங்கள் டிராலியிலேயே சின்ன டப்பாவும், ஊசியை வெட்டிப் போடும் நீடில் கட்டரும் வைத்துவிட்டோம். ஊசியை உருவிய கை நேராக அங்கே போகணும். நடுவில் கிட்னி டிரே, மெத்தை எதிலும் வைக்கக் கூடாது. முக்கால்வாசி நிரம்பியதும் டப்பாவை மாற்றிவிடணும். அமுக்கி இடம் பண்ணுகிற புண்ணியவான் ஒருவர் எல்லா வார்டிலும் உண்டு, அவரைக் கண்டுபிடியுங்கள். மூடியே ஆகணும் என்றால் மூடியை டிரேயில் படுக்க வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்துங்கள். இன்னொரு கை பக்கத்திலேயே வரக் கூடாது. நிர்வாகம் செலவு என்று இழுத்தால் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளைக் காட்டுங்கள். ஊசி துளைக்காத வெள்ளை டப்பா அதில் கட்டாயம்.

லேப் கணேசன்:
அந்தத் தங்கச்சி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் போட்டிருக்கிறாரா? எல்லாரும் எச்ஐவிக்குத்தான் நடுங்குகிறோம். எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை. குத்தியதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவணும். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்கவே வேண்டாம். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்றால் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிடணும்.

நைட்டூட்டி:
அன்று ராத்திரியே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மாத்திரை ஆரம்பித்துவிட்டோம் அண்ணா. தடுப்பூசி 2 டோஸ்தான் ஆகியிருக்கிறது, மூன்றாவதற்குச் சொல்லியிருக்கிறேன். டிராலி டப்பா கேட்டு இன்டென்ட் எழுதிவிட்டேன். சுகர் பார்க்க விரலில் குத்துகிற லான்செட்டைப் பஞ்சோடு சுருட்டி, ரத்தம் பட்ட பஞ்சுக்கான மஞ்சள் பையில் போடுகிறார்கள், அதற்கு என்ன செய்வது?

மதுரை சிஸ்டர்:
லான்செட்டும் அதே வெள்ளை டப்பாவுக்குத்தான். மஞ்சள் பையைக் கட்டித் தூக்குவது ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். அவர்களுக்கும் தடுப்பூசி போட்டாச்சா என்று நாளைக்கே கேளுங்கள்.