மறு: மாற்றுக் கருனியா, இணைக்கருனியா?

அனைவருக்கும் வணக்கம். இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலைத்தான் (kernel) கருனி என்கிறோம். லினக்ஸ் கருனிக்குப் பதிலாக வைக்கக்கூடிய ஹர்ட், பிஎஸ்டி போன்ற கருனிகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> ‘மாற்று’ என்றாலே மாற்றுச்சாவி, மாற்றுடைதான் நினைவுக்கு வருகின்றன. முதலாவது கெட்டால்தான் இரண்டாவதற்கு வேலை. ஹர்டையும் பிஎஸ்டி கருனிகளையும் அப்படி அழைப்பது இளக்காரம். ‘இணைக்கருனி’ என்று வைப்போம்.

ஐயா, ‘இணை’ வேறொரு வம்பை இழுத்து வருகிறது. அச்சொல்லைப் படித்ததும் ஒரே கணினியில் இரண்டு கருனிகள் கைகோத்து ஓடுவதாகவே எனக்குத் தோன்றியது. நாம் பேசுவது அதுவல்ல. கட்டளைகள், நூலகங்கள், பொதிகள் எல்லாம் மேலே அப்படியே இருக்க, அடியிலிருக்கும் லினக்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் 2011-இல் ஃப்ரீபிஎஸ்டி கருனியோடு தொழில்நுட்ப முன்னோட்டமாக வெளியிட்டது அதைத்தான்.

‘மாற்றுக் கருத்து’ என்கிறோம், அதில் இளக்காரம் இல்லையே. பொன்னின் தரத்துக்கும் மாற்று என்றே பெயர். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார்கள். பத்தரைமாற்றுத் தங்கம் என்பது அந்த வழக்குதான். எனக்கு இந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது. வேறு கருனியும் நிரலுக்கு ஓர் உரைகல்தான். லினக்ஸில் ஒழுங்காக ஓடும் நிரலை ஹர்டில் தொகுத்துப் பாருங்கள். ‘பாத்_மேக்ஸ் அறிவிக்கப்படவில்லை’ என்று பாதியில் நின்றாலும் நிற்கும். கோப்புப் பாதையின் நீளத்துக்கு லினக்ஸ் தரும் மாறிலி அது, மதிப்பு 4096 பைட். ஹர்டில் அப்படியொரு வரம்பே கிடையாது, ஆகவே மாறிலியும் கிடையாது. நிரலரோ 4096 பைட்டை ஒதுக்கிவிட்டு, அதற்குமேல் எந்தப் பாதையும் வராது என்று நம்பியிருப்பார். லினக்ஸிலேயே அடைவுக்குள் அடைவாக இறங்கிக்கொண்டே போனால் அதைவிட நீண்ட பாதை உருவாகிவிடும்! பிழை முன்பே இருந்தது, ஹர்ட் காட்டிக்கொடுத்தது. தேவைக்கேற்ப நினைவகம் ஒதுக்கும்படி திருத்தினால் பலன் லினக்ஸ் பயனருக்கும்தான்.

> பயனரே இல்லாத கருனிக்கு இத்தனை உழைப்பு எதற்கு?

மேலே சொன்னதே பதில். உழைப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை. கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி என்ற தொடக்க நிரல், செயல்முறைகளைக் குழுவாக்கிக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் சிகுரூப் வசதியை நம்பி எழுதப்பட்டது. வேறு கருனி என்றால் தொடக்க நிரலுக்கே வேறு வழி தேட வேண்டும். 2015-இல் வந்த டெபியன் 8-இன் அதிகாரபூர்வ வெளியீட்டில் ஃப்ரீபிஎஸ்டி கருனிக்கு இடம் கிடைக்கவில்லை.

இன்னொன்று: கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க முனைந்த குனு திட்டம் ஹர்டைத் தொடங்கியது 1990-இல். 1991-இல் வந்த லினக்ஸ்தான் அன்றைக்கு மாற்று.

என் வாக்கு ‘மாற்றுக் கருனி’க்கே. ஆனால் ஹர்டைக் கருனி என்று எழுதியது என் சோம்பல். அடிப்படை வேலைகளை மட்டும் செய்யும் மாக் என்ற நுண்கருனிமேல் ஓடும் சேவை நிரல்களின் தொகுதிதான் ஹர்ட். கோப்பு முறைமைகூட அங்கே சாதாரணப் பயனர் செயல்முறை. ஒரு கோப்புப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் அத்தகைய நிரலை அவர்கள் டிரான்ஸ்லேட்டர் என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அது ‘மொழிபெயர்ப்பி’ என்று ஏறியிருக்கிறது. மொழிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாராவது அதை நீக்குங்கள். ‘கோப்புமுகவர்’ சரிவருமா என்றும் சொல்லுங்கள்.