நீலத்திரைக்கு யார் பொறுப்பு: றாம் விற்றவரா, மதர்போர்ட் கம்பனியா, விண்டோஸா?

பம்பலப்பிட்டியில் வாங்கிய 8 ஜிபி டிடிஆர்4 வகை றாம் ஒன்றைப் பழைய 8 ஜிபியோடு சேர்த்துக் கணினியில் போட்டதிலிருந்து, விண்டோஸ் முடங்கி நீலத்திரை விழுகிறது. பிழைக் கோட்: மெமரி மேனேஜ்மென்ட். கடைக்காரர் "விண்டோஸ் பிழை, திரும்ப இன்ஸ்டோல் பண்ணுங்கோ" என்கிறார்.

முடங்கும்போது விண்டோஸ் பதியும் மினிடம்ப் கோப்பை வின்டிபக் என்ற ஆய்வுக் கருவியில் திறந்தால், விண்டோஸின் மையப்பகுதியான கேர்னலின் பெயர்தான் வருகிறது. அதை வைத்து மைக்ரோசொப்டைக் குறைசொல்ல முடியாது. தடுக்கி விழுந்த இடம்தான் அது, தடுக்கிய கல் வேறு. யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 என்ற றாம் சோதனைக் கருவியைப் போட்டு 4 சுற்று ஓடவிட்டதில், ஒவ்வொரு றாமும் தனியாக எந்த ஸ்லொட்டிலும் பிழை 0. இரண்டையும் சேர்த்தால் முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகள். போர்டின் அமைப்புகள் இருக்கும் பயோஸில், றாமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை நிறுத்தி, வேகத்தை 3600இலிருந்து 2666க்கு இறக்கினால், சேர்த்துப் போட்டாலும் சுத்தம்.

ஆக, றாம் பழுதில்லை, ஜோடிதான் ஒத்துப்போகவில்லை. டிடிஆர்4க்கு ஜெடெக் என்ற தர அமைப்பின் நியமம் 3200உடன் முடிகிறது, 3600 ஓவர்குளொக், அதாவது நியமத்தை மீறிய வேகம். ஆனால் பில்லில் 3600 என்றுதானே எழுதியிருக்கிறது?

போர்டின் ஆதரவுப் பட்டியலில் இந்த றாம் மொடல் இல்லை. அப்படியென்றால் பொறுப்பு வாங்கியவர் தலையிலா? மெம்டெஸ்ட் அறிக்கையைக் காட்டிக் கொழும்பில் வொறண்டியில் மாற்றியவர்கள் இருந்தால், கடையில் என்னென்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். "2666இலேயே ஓட்டு" என்ற பதில் மட்டும் வேண்டாம்.