வானா, லொறியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடைக்குச் சாமான் ஏற்ற எங்கள் வானின் பின் சீட்டுகளைக் கழற்றி வைத்திருக்கிறோம். பதிவுப் புத்தகத்தில் இரட்டைப் பாவனை வாகனம், அதாவது ஆட்களும் சாமானும் ஏற்றும் வகை. நம்பர் பிளேட்டும் அந்த வகைக்குரிய பிஎச் (PH) வரிசை. நேற்று கொழும்பு புறக்கோட்டையில் வெங்காய மூட்டைகளோடு மறித்த பொலிஸ்காரர், "இது லொறி வேலை" என்று தண்டப்பத்திரம் எழுதிவிட்டார். லொறி என்றால் எல் வரிசை நம்பர் அல்லவா இருக்க வேண்டும்?

தபால் கந்தோரில் 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பாகும். பேசாமல் கட்டிவிடவா, நீதிமன்றம் போகவா? அப்புறம், வகையை லொறி என்று மாற்றினால் நம்பரும் மாறுமா? நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் மாற்றிய அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள். சீட்டுகள் வீட்டு விறாந்தையில்தான் கிடக்கின்றன, திரும்பப் பூட்டவும் தயார்.